மடுவத்துத் தராசும் மைய சேர்வரும்: கிளையன்ட் சான்றிதழ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், பதியும் எடை இப்போது கடதாசியோடு நிற்பதில்லை. தராசோடு இணைத்த சின்னக் கணினியோ, கணக்குப்பிள்ளை கையிலுள்ள போனோ அதை இணையம் வழியாக மைய சேர்வருக்கு அனுப்பிவிடுகிறது. அனுப்பியது நம்முடைய கருவிதானா என்று சேர்வர் தெரிந்துகொள்ளும் வழி கிளையன்ட் சான்றிதழ், கருவிக்கு நாம் கொடுக்கும் மின்னணு அடையாள அட்டை. இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளைப் பக்கம் இப்படியான கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. தராசு இல்லாமல் வி.பி.என். (இணையம் வழியே போகும் தனிப் பாதுகாப்பு வலையமைப்பு) வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாஸ்வேர்ட் இருக்கும்போது இது எதற்கு?

மடுவத்தில் ஒரு பாஸ்வேர்ட் என்றால் அது ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட். சுவரில் எழுதியிருக்கும், ஆள் மாறினாலும் அது மாறாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு முறையும் அந்த இரகசியமே கம்பியில் பயணம் செய்து மறுபக்கம் போய்ச் சேருகிறது. போலி சேர்வர் ஒன்று இடையில் உட்கார்ந்து ஏமாற்றினால் பாஸ்வேர்ட் அதன் கையில்.

சாதாரண டி.எல்.எஸ். (இணையத்தில் போகும் தரவை மறைகுறியாக்கும் முறை) இணைப்பில் சேர்வர் மட்டும் தன் சான்றிதழைக் காட்டும். கிளையன்ட் சான்றிதழ் முறையில் சேர்வர், “நீ யார் என்று காட்டு” என்று திருப்பிக் கேட்கும். கருவி தன் சான்றிதழை அனுப்பும். அதோடு, அந்த இணைப்பில் அதுவரை இரு பக்கமும் பேசிக்கொண்டதன் மீது தன் இரகசியச் சாவியால் ஒரு கையொப்பமும் இடும். சாவி கருவியை விட்டு வெளியே போவதில்லை. அந்தக் கையொப்பத்தைப் பிடித்து வைத்து நாளைக்கு வேறு இணைப்பில் காட்டினால் செல்லாது.

எல்லா இடத்துக்கும் இதுதான் சரி என்று சொல்லமாட்டேன். பலர் பல கணினிகளிலிருந்து வந்து போகும் இணையதளத்துக்குப் பாஸ்வேர்டும் போனுக்கு வரும் ஒருமுறைக் குறியீடும் போதும். ஒரே இடத்தில் நிற்கும் கருவிக்குத்தான் சான்றிதழ் அழகாகப் பொருந்தும்.

சாவி, சி.எஸ்.ஆர்., சான்றிதழ், பி12 என்று நான்கு கோப்புகள் இருக்கின்றன. எதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்?

சான்றிதழை அனுப்பலாம். சான்றிதழ் கேட்டு எழுதும் விண்ணப்பமான சி.எஸ்.ஆரையும் அனுப்பலாம். இரண்டிலும் இரகசியம் எதுவும் இல்லை. ஆனால் வந்த சி.எஸ்.ஆர். அந்த மடுவத்திலிருந்துதான் வந்தது என்று ஒரு அழைப்பு எடுத்து உறுதிசெய்த பிறகே அதில் கையொப்பமிட்டுச் சான்றிதழாக்குங்கள். சாவிக் கோப்பை ஒருபோதும் அனுப்பாதீர்கள். பி12 என்பது சாவியும் சான்றிதழும் ஒன்றாகக் கட்டிய பொதி, அதையும் அனுப்பாதீர்கள். “பாஸ்வேர்ட் போட்டுத்தானே அனுப்பினேன், அண்ணே” என்பார்கள். பாஸ்வேர்ட் எங்கே என்று கேட்டால், அதே வாட்ஸ்அப்பில் அடுத்த மெசேஜில் இருக்கும்.

சாவி எந்தக் கருவியில் வேலை செய்யப்போகிறதோ அந்தக் கருவியிலேயே பிறக்க வேண்டும். கருவியில் சாவியை உண்டாக்கி, சி.எஸ்.ஆரை மட்டும் வெளியே எடுத்து, கையொப்பமான சான்றிதழை உள்ளே போடுங்கள். போனில் என்றால் அன்ட்ராய்டின் சாவிப் பெட்டகத்துக்குள்ளேயே உண்டாக்கும்படி செயலியை எழுதச் சொல்லுங்கள். ஹட்டனில் இருக்கும் ஒரே மடிக்கணினியில் எல்லா மடுவத்துச் சாவிகளையும் உண்டாக்கி பென்டிரைவில் கொண்டுபோவது சுலபம்தான். அந்த மடிக்கணினி தொலைந்தால் எல்லா மடுவமும் சேர்ந்து தொலைந்தது.

லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற பொதுச் சான்றளிப்பு மையம் சான்றிதழை இலவசமாகத் தருகிறதே, அதையே கருவிகளுக்கும் வாங்கலாமா?

வேண்டாம். சான்றிதழில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் பொதுச் சான்றளிப்பு மையங்கள் இப்போது சேர்வர் வேலைக்கு மட்டுமே சான்றிதழ் கொடுக்கும் பக்கம் நகர்கின்றன. கிளையன்ட் பயன்பாட்டுக் குறிப்பை 2026இல் கைவிடப்போவதாக லெட்ஸ் என்க்ரிப்ட் 2025இலேயே அறிவித்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் இந்த வழி பிழையானது. பொது மையத்தை நம்பும்படி சேர்வரை அமைத்தால், அந்த மையம் உலகில் யாருக்குக் கொடுத்த சான்றிதழும் முதல் வாசலைத் தாண்டிவிடும்.

சேர்வர் தன்னை நிரூபிக்க லெட்ஸ் என்க்ரிப்ட், கருவிகள் தங்களை நிரூபிக்க நாமே நடத்தும் சிறிய சான்றளிப்பு மையம் என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். இப்படிச் செய்தால் போன்களில் நம்முடைய மையத்தின் ரூட் (தலைமை) சான்றிதழை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. “உங்கள் வலையமைப்பு கண்காணிக்கப்படலாம்” என்ற அன்ட்ராய்ட் எச்சரிக்கையைப் பார்த்து யாரும் பயந்து அழைக்கவும் மாட்டார்கள்.

சான்றிதழில் பெயர் என்ன போடுவது? அடையாள அட்டை இலக்கம் போட்டால் தெளிவாக இருக்குமே?

தயவுசெய்து போடாதீர்கள். டி.எல்.எஸ். 1.2இல் கிளையன்ட் சான்றிதழ் மறைகுறியாக்கம் தொடங்குவதற்கு முன்பே போகிறது. வழியில் இருக்கும் எவரும் அதைத் திறந்து படிக்கலாம். 2018இல் வந்த 1.3இல்தான் அது மறைக்கப்படுகிறது. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும் நாளும் ஒளிந்திருக்கின்றன. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தைப் போடும் பழக்கமும் சில இடங்களில் வருகிறது, அதுவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

அர்த்தமில்லாத ஒரு கருவி இலக்கம் போதும். அந்த இலக்கம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த மடுவம் என்பது சேர்வர் பக்கத்துப் பதிவேட்டில் இருக்கட்டும். கருவியை மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷனுக்கு மாற்றினால் சான்றிதழைத் தொடாமல் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தலாம்.

கரண்ட் போய் வந்த பிறகு இணைப்பே வருவதில்லை. சான்றிதழ் கெட்டுவிட்டதா?

சான்றிதழ் கெடவில்லை, கடிகாரம்தான் கெட்டிருக்கிறது. மலைநாட்டில் வரும் அழைப்புகளில் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

யார் எதைச் சரிபார்க்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள். கருவியின் சான்றிதழ் காலாவதியா என்று பார்ப்பது சேர்வர். அது தன் கடிகாரத்தை வைத்துப் பார்க்கும். சேர்வரின் சான்றிதழ் செல்லுமா என்று பார்ப்பது கருவி. அது மடுவத்துக் கடிகாரத்தை வைத்துப் பார்க்கும். ஆகவே மடுவத்தில் நேரம் பிழைத்தால் “இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று அடிபடுவது சேர்வரின் சான்றிதழ். இதைப் பார்க்காமல் கருவிக்குப் புதுச் சான்றிதழ் எழுதிக்கொண்டே இருந்தால் பிரச்சினை அசையாது.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் 4 வரைக்கும் உள்ளவற்றில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். ராஸ்பெரி பை 5இல் கடிகாரம் இருக்கிறது, மின்கலத்தைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தக் கருவிகள் எந்த ஆண்டில் விழித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டி.எஸ். 3231 என்ற கடிகாரச் சில்லோடு வரும் சின்னப் பலகை ஒன்றைப் பொருத்துங்கள், விலை அதிகமில்லை. ரவுட்டரில் யூ.டி.பி. 123 அடைபடாமல் இருக்கிறதா பாருங்கள், நேரம் அந்த வழியாகத்தான் வருகிறது. நேரம் சரியான பிறகே அனுப்பும் மென்பொருள் தொடங்கும்படி வையுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சான்றிதழில் எழுதும் நேரம் உலகப் பொது நேரம். இலங்கை அதற்கு 5.30 மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. யாரோ மடிக்கணினியின் நேர வலயத்தைப் பொது நேரத்தில் விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் இலங்கை நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். அதில் காலை 9 மணிக்கு எழுதிய சான்றிதழ் பிற்பகல் 2.30க்குத்தான் உயிர்பெறும். காலையில் வேலை செய்யாத சான்றிதழ் மத்தியானத்துக்குப் பிறகு தானாகச் சரியானால் காரணம் இதுதான். தொடக்க நேரத்தை ஒரு நாள் பின்தள்ளி எழுதுவது பாதுகாப்பு.

பிழைச் செய்தியில் ஒரு எண் மட்டும் வருகிறது. அது என்ன?

இரண்டு வகை எண்கள் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கருவிப் பக்கம் தெரிவது டி.எல்.எஸ். எச்சரிக்கை எண். 42 என்றால் சான்றிதழில் கோளாறு, 44 என்றால் இரத்தானது, 45 காலாவதி, 48 என்றால் கையொப்பமிட்ட மையத்தை சேர்வருக்குத் தெரியவில்லை. 116 என்றால் சான்றிதழே வந்து சேரவில்லை, இது 1.3இல் மட்டும் வரும்.

சேர்வர் பதிவில் வருவது, சான்றிதழ் வேலைகளைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் எண். 9 இன்னும் தொடங்கவில்லை, 10 காலாவதி, 12 இரத்துப் பட்டியல் (இரத்துச் செய்த சான்றிதழ்களின் பட்டியல்) காலாவதி, 20 மேலே உள்ள மையத்தைக் காணவில்லை, 23 இரத்தானது, 26 என்றால் கிளையன்ட் வேலைக்கு எழுதப்படாத சான்றிதழ். இந்தப் பக்கத்து எண்தான் உண்மையைச் சொல்லும். என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருள் என்றால் கருவிக்கு 400 என்ற பொதுவான பதில் மட்டுமே போகும், காரணம் சேர்வரின் பதிவில்தான் இருக்கும்.

இணைப்பு வெற்றி என்று காட்டுகிறது, அப்புறம் முதல் தரவை அனுப்பியதும் அறுகிறது. இது எப்படி?

டி.எல்.எஸ். 1.3இல் இது இயல்பு. கருவி தன் சான்றிதழையும் கையொப்பத்தையும் அனுப்பி முடித்ததுமே தன் பக்கத்தில் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். சேர்வர் அதைச் சரிபார்த்து மறுப்பது அதற்குப் பிறகுதான். அதனால் மறுப்பு, முதல் பதிலைப் படிக்கும்போதுதான் தெரியவரும். மென்பொருள் எழுதுபவர்களுக்கு: “இணைந்தது” என்பதை வைத்து எடை போய்ச் சேர்ந்தது என்று பதியாதீர்கள். சேர்வரிடமிருந்து பதில் வந்த பிறகே பதியுங்கள்.

பி12 கோப்பைப் பழைய விண்டோஸில் ஏற்றினால் பாஸ்வேர்ட் பிழை என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான்.

பாஸ்வேர்ட் சரியாகவே இருக்கும். 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3, இந்தப் பொதியைப் புதிய முறையில் பூட்டுகிறது. பழைய விண்டோஸ், பழைய அன்ட்ராய்ட், மெக் கணினிகள் சிலவற்றுக்கு அந்தப் பூட்டு புரியாது, பாஸ்வேர்டின் மீது பழியைப் போட்டுவிடும். பழைய முறையில் கட்டச் சொல்லும் தெரிவு ஓபன்எஸ்எஸ்எல்லில் இருக்கிறது. பழைய பூட்டு பலவீனமானது என்பதால் ஏற்றி முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளையின் போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

சேர்வர் பதிவேட்டில் அந்தக் கருவி இலக்கத்தை நிறுத்துங்கள். உடனே பலன் தருவது அதுதான். பிறகு ஆறுதலாக அதன் சான்றிதழை இரத்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வரிசையை இப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரத்துப் பட்டியல் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கே ஒரு காலாவதித் திகதி உண்டு. ஓபன்எஸ்எஸ்எல்லோடு வரும் மாதிரி அமைப்பில் அது 30 நாள். புதுப்பிக்க மறந்தால், 31ஆம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து கொழுந்து வரும் நேரத்தில் தொலைந்த போன் மட்டுமல்ல, எல்லா மடுவமும் வெளியே நிற்கும். பட்டியலைப் பயன்படுத்தும் சேர்வர் அது பழசானால் எவரையும் நம்பாது; பதிவில் 12 என்ற எண் வரிசையாக விழும். வி.பி.என். வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பட்டியலைத் தானாக வாரம் ஒருமுறை புதுப்பிக்கும்படியும், புதுப்பித்ததும் சேர்வர் அதை மறுபடி வாசிக்கும்படியும் அமைத்த பிறகே இதைத் தொடுங்கள். ரூட்டின் கீழ் அன்றாடக் கையொப்பத்துக்கு ஒரு இடைநிலை மையம் வைத்திருந்தால் ரூட்டுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

அழைப்பு வரும்போது, “எந்தப் போன், என்ன இலக்கம்?” என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒரு சாதாரண விரிதாள் போதும்: தொடர் இலக்கம், மடுவம், கருவி யாரிடம், முடியும் திகதி, அழைத்தால் எடுக்கும் ஆளின் போன் எண். கிரிப்டோகிராஃபி பற்றி நாள்கணக்கில் விவாதிப்பவர்கள் இந்தத் தாளை வைத்திருப்பதில்லை. எனக்கு இந்தத் தாள்தான் முக்கியம்.

எவ்வளவு காலத்துக்கு எழுதுவது?

பொதுச் சேர்வர் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2020இல் 398 நாள் என்று சுருங்கியது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027இல் 100, 2029இல் 47 என்று தீர்மானித்திருக்கிறார்கள். அது பொது மையங்களுக்கான விதி. நம்முடைய சொந்த மையத்தைக் கட்டாது. கருவி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்றால் 90 நாள் போதும். கையால் மாற்ற வேண்டும் என்றால் ஓராண்டும் கொஞ்சமும் வையுங்கள். பத்து ஆண்டுக்கு எழுதித் தள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முடியும்போது எழுதியவர் எங்கே இருப்பார் என்று தெரியாது.

எப்போது முடிய வேண்டும் என்பதுதான் இங்கே சுவாரசியமான கேள்வி. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் முடியும்படி எழுதினால், மண்சரிவில் பாதை அடைபட்ட நாளில்தான் அங்கே போக வேண்டி வரும். அந்தப் பக்கத்துக்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் மழை மாறி விழும். அங்கே ஜூலை, ஓகஸ்ட் காய்ந்திருக்கும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களையும் சம்பளக் கணக்கு முடிக்கும் நாட்களையும் தவிருங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே திகதி வேண்டாம், வாரத்துக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து விடுங்கள்.

புதுச் சான்றிதழைப் பழையது செல்லும்போதே, அந்தப் பழைய இணைப்பு வழியாகவே கொடுக்கலாம். முடிந்த பிறகு என்றால் நேரில்தான் போக வேண்டும். கையொப்பமிடும் மையத்தின் சான்றிதழும் ஒருநாள் முடியும் என்பதைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதி வையுங்கள்.

மடுவத்தில் வேலை செய்கிறது, தோட்ட ஆபிஸ் கணினியில் மட்டும் இல்லை.

வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பாருங்கள். பாதுகாப்பான இணைப்புகளையும் இடையில் திறந்து பார்க்கும் வசதி அதில் இருந்தால், சேர்வரோடு உண்மையில் பேசுவது அந்த மென்பொருள். அதனிடம் உங்கள் சாவி இல்லை, கையொப்பமிட முடியாது. நமது சேர்வர் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

சேர்வருக்கு முன்னால், இணைப்பை வாங்கிப் பின்னால் அனுப்பும் கிளவுட்ஃபிளேர் மாதிரிச் சேவை ஒன்றை வைத்தால்?

டி.எல்.எஸ். அங்கேயே முடிந்துவிடும், சான்றிதழைக் கேட்பதும் அங்கேயே நடக்க வேண்டும். முன்னால் நிற்பது சரிபார்த்து, முடிவைக் கோரிக்கையோடு போகும் தலைப்பு வரியாகப் பின்னால் அனுப்பலாம். இதற்கு 2023இல் ஒரு தர வரையறையும் வந்தது. கவனிக்க வேண்டியது ஒன்று: வெளியிலிருந்து யாராவது அதே தலைப்பு வரியைத் தானே எழுதி அனுப்பினால், முன்னால் நிற்பது அதை வெட்டி எறிய வேண்டும். பின்னால் உள்ள சேர்வரை நேரே அழைக்கவும் முடியக்கூடாது. இந்த இரண்டும் இல்லையென்றால் சான்றிதழ் இல்லாதவனும் தன்னைத் தராசு என்று சொல்லிக்கொள்ளலாம்.

சான்றிதழைக் “கட்டாயம்” என்று வைப்பதா, “இருந்தால் பார்” என்று வைப்பதா?

கட்டாயம். “இருந்தால் பார்” என்று வைத்தால், வந்ததா, செல்லுமா என்று மென்பொருள் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தில் மறந்தால் போதும். மனிதர்கள் பாஸ்வேர்டில் வரும் பக்கமும் வேண்டும் என்றால் அதற்கு வேறொரு பெயரில் வேறு வாசல் திறவுங்கள்.

சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது. சான்றிதழால் இன்னும் தாமதமாகாதா?

கொஞ்சம் ஆகும். ஆர்.எஸ்.ஏ. வகைச் சாவிக்குப் பதிலாக பி-256 வகைச் சாவி பயன்படுத்தினால் சான்றிதழும் கையொப்பமும் சிறுக்கும். ஒருமுறை திறந்த இணைப்பைப் பல எடைகளுக்கு வைத்திருங்கள். அறுந்தாலும் பழைய அமர்வைத் தொடரும் வசதியை இயக்கினால் சான்றிதழை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. தொடரும்போது இரத்துப் பட்டியலை சேர்வர் மறுபடி பார்க்காமல் விடலாம் என்பதால் அமர்வின் ஆயுளைச் சில மணித்தியாலத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

சான்றிதழ் தகராறில் ஒரு நாள் முழுக்க இணைப்பு இல்லை. அன்றைய கொழுந்து?

கருவி எடையைத் தன்னிடமே சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் எடை போட்ட நேரத்தோடு அனுப்ப வேண்டும். ஒரே எடை இருமுறை ஏறாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வேண்டும். அதோடு கடதாசிப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த எண் ஒருவரின் சம்பளம். “சேர்வர் ஏற்கவில்லை” என்பது கொழுந்து பறித்தவருக்குச் சொல்லக்கூடிய பதில் இல்லை. இதற்கு இடம் வைக்காத மென்பொருளை மடுவத்துக்குக் கொண்டுபோகவே கூடாது என்பது என் கருத்து.

ரூட் சாவியை எங்கே வைப்பது?

இணையத்தில் இல்லாத இடத்தில். மறைகுறியாக்கிய இரண்டு பென்டிரைவ், இரண்டு ஊரில். ஒன்று ஹட்டனில் என்றால் மற்றது கண்டியில் இருக்கட்டும், ஒரே சரிவில் இரண்டும் வேண்டாம். அன்றாடக் கையொப்பத்துக்கு அதன் கீழ் ஒரு இடைநிலை மையம் போதும்.

பழைய கருவி பழுதாகிவிட்டது. அதன் சாவியையும் சான்றிதழையும் புதியதில் பிரதியெடுத்துப் போடலாமா?

வேண்டாம். புதுக் கருவிக்குப் புதுச் சாவி, புது இலக்கம். பழையதைப் பதிவேட்டில் நிறுத்திவிட்டு, அதன் நினைவு அட்டையை அழித்த பிறகு திருத்தும் கடைக்குக் கொடுங்கள்.